மார்புப் பை வாங்குமுன்: கால் தெரிகிறதா, மூச்சு முட்டாமல் இருக்கிறதா?

மலையில் அடிக்கடி தேவைப்படுகிற சாமான்கள்தான் முதுகுப் பையின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பைனாகுலரை எடுக்க நிற்க வேண்டும், பையை இறக்க வேண்டும், மேலே கிடக்கும் மழைக்கோட்டை விலக்க வேண்டும். அதற்குள் பூனைப்பருந்து அடுத்த வயலைத் தாண்டியிருக்கும். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் முக்கால் கிலோ கழுத்தெலும்பிலேயே தொங்கும், குனிந்தால் பாறையில் இடிக்கும். இந்த இரண்டு தொல்லைக்கும் சேர்த்து ஒரே மருந்தாக விற்கப்படுவதுதான் மார்போடு கட்டிக்கொள்ளும் பை. பெங்களூரில் லால்பாக் பறவைக் கூட்டத்திலும் ஸ்கந்தகிரி ஏறுபவர்களிடமும் இப்போது நிறையத் தென்படுகிறது.

சந்தையில் உள்ள மூன்று வகைகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, முதுகில் அகலமான வலைத் துணியும் முன்னால் இரண்டு மூன்று அறைகளும் கொண்ட இறக்குமதிப் பை. இரண்டு, மேலே மூடி திறக்கும் பைனாகுலர் பெட்டி. மூன்று, ‘டாக்டிகல்’ (ராணுவப் பாணி) என்ற பெயரோடு இணையத்தில் மலிவாகக் கிடைப்பது. ஒரே வார்ப்பு பல பெயர்களில் வருவதால் கம்பெனிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். பெயரைவிட வடிவத்தைப் பார்த்து வாங்குவதுதான் இதில் புத்திசாலித்தனம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்தப் பைகளின் மூல வடிவம் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கும் தூண்டில் மீன்பிடிப்பவர்களுக்கும் உருவானது. உடம்போடு ஒட்டிய பின் அறை கைத்துப்பாக்கிக்கு, பக்கவாட்டு உறை கரடி விரட்டும் ஸ்ப்ரேக்கு, தோள்பட்டையில் உள்ள சின்ன உறை செயற்கைக்கோள் தொடர்புக் கருவிக்கு. நமக்கு முதல் இரண்டுக்கும் வேலையில்லை. மூன்றாவதை வைத்திருந்தால் வில்லங்கமே வரும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போனோ, அதுபோன்ற செய்திக் கருவியோ கொண்டுபோவது குற்றம். விமான நிலையச் சோதனையில் வெளிநாட்டு மலையேறிகள் இதற்காகவே பிடிபட்டிருக்கிறார்கள். அந்த உறையில் விசிலைப் போடுங்கள். பின் அறைக்கும் இங்கே நல்ல உபயோகம் உண்டு: கர்நாடக வனத்துறையின் முன்பதிவுச் சீட்டு, அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு அங்கே வைத்துவிடலாம். உடம்போடு ஒட்டி இருப்பதால் மெஜஸ்டிக் பஸ் நிலைய நெரிசலில்கூட யாரும் கைவைக்க முடியாது. கவர் இல்லாமல் வைத்தால் ஒரே ஏற்றத்தில் வியர்வையில் ஊறிக் கூழாகிவிடும்.

கால் மறைவது

விற்பவர்கள் எல்லோரும் லிட்டர் கணக்குச் சொல்கிறார்கள். 3 லிட்டர், 5 லிட்டர், சில பைகள் 7 லிட்டர். மார்புப் பையில் லிட்டர் கூடினால் தடிமன் கூடுகிறது, தடிமன் கூடினால் கால் மறைகிறது. சாவனதுர்காவைப் போல (1,226 மீ.) வழுக்குப் பாறையிலேயே ஏறி இறங்க வேண்டிய இடத்தில் இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்.

கணக்கு எளிது. கண் தரையிலிருந்து 155 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பையின் மேல் விளிம்பு கண்ணுக்கு 35 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 155-ஐ 35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ நாலரை. அதாவது, கண்ணுக்கு நேர்கீழ்க் கோட்டைத் தாண்டி அந்த விளிம்பு ஒரு செ.மீ. துருத்தினால் தரையில் நாலரை செ.மீ. மறைகிறது. 8 செ.மீ. துருத்தினால் 35 செ.மீ. மறையும். கிட்டத்தட்ட ஓர் அடி எடுத்து வைக்கும் இடமே அது. ஏறும்போது பாதகமில்லை, பார்வை முன்னால் இருக்கும். இறங்கும்போது அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டும், கழுத்தை வளைத்தால் உடம்பு முன்னால் சாயும், சாய்ந்தால் நிலை தடுமாறும். யானைக்கே அடி சறுக்குகிற இடத்தில் இந்தச் சாய்வு வேண்டாத வேலை.

இதே கணக்கிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. பையைக் கீழே இறக்கிக் கட்டினால் மறைவு குறையும்: மேல் விளிம்பு கண்ணுக்கு 45 செ.மீ. கீழே போனால், ஒரு செ.மீ. துருத்தலுக்கு மூன்றரை செ.மீ.தான் மறைகிறது. பையின் மேல்பக்கம் மெலிந்தும் கீழ்ப்பக்கம் தடித்தும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பார்வையை மறிப்பது மேல் விளிம்புதான். மேலே 5, கீழே 9 செ.மீ. தடிமன் உள்ள சாய்வு வடிவத்தை நாங்கள் சிபாரிசு செய்கிறோம். இறக்குமதிப் பைகளில் பாதி இந்த வடிவத்தில் வருகின்றன. பைனாகுலர் பெட்டிகள் பெரும்பாலும் நேர்ச் சதுரம், மேல் விளிம்பும் 11, 12 செ.மீ. துருத்துகிறது. ஹெசரகட்டா புல்வெளியில் வானம்பாடி பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தரை சமதளம். ராமநகரப் பாறைகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பைக்குள் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் போட்டு, பட்டைகளை இறுக்கி, நேராக நின்று, கழுத்தை மட்டும் குனிந்து பாருங்கள். இரண்டு கால்களின் கட்டைவிரல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பையை இரண்டு விரல்கடை இறக்கிப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் அந்தப் பை உங்கள் உடம்புக்கு ஆகாது. அடுத்து, கடைப் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். தொடை பையின் அடியில் இடித்தால் மிகவும் தாழ்ந்திருக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடமே கொஞ்சம்தான், ஆகவே 18 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள பையை அவர்கள் தொடவே வேண்டாம்.

மூச்சும் பட்டையும்

ஆரோக்கியமான ஒருவர் ஆழமாக மூச்சை இழுத்தால் மார்புச் சுற்றளவு ஐந்து செ.மீ. அளவுக்கு விரியும். சமதளத்தில், மூச்சை வெளியே விட்ட நிலையில் பட்டையை இறுக்கிக்கொண்டு ஏற்றத்தில் கால் வைத்தால், கால் மணி நேரத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். பலர் இதை உடல் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழு மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கப் பட்டையை இறுக்க வேண்டும், அதுதான் முறை. மூச்சை விட்டதும் பட்டைக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நல்ல பைகளில் பக்கப் பட்டையின் ஒரு துண்டு எலாஸ்டிக்காக இருக்கும், இந்த வேலையைப் பாதி அதுவே பார்த்துக்கொள்ளும். முழுப் பட்டையும் எலாஸ்டிக்காக இருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் பை துள்ளும், ஓராண்டில் எலாஸ்டிக் தளர்ந்து போகும்.

பெண்களுக்கு இந்தப் பைகள் சரியாகப் பொருந்துவதில்லை என்ற புகார் நியாயமானது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தட்டையான மார்பை மனதில் வைத்தே வெட்டுகிறார்கள். தோள்பட்டைகள் செங்குத்தாக இறங்கும் வடிவம் மார்பின் மேலேயே அழுத்தும். பட்டைகள் அக்குளை நோக்கி விலகி இறங்கி, பை மார்புக்குக் கீழே, விலா எலும்பின் அடிப்பகுதியில் உட்காரும் வடிவம்தான் வசதி. இதற்குத் தோள்பட்டை நீளத்தைக் கூட்ட இடம் இருக்க வேண்டும். கடையில் பட்டையை முழுக்கத் தளர்த்திப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

பட்டையின் நூல் வகையும் முக்கியம். நைலான் ஈரத்தைக் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஈரமான நைலான் பட்டை நீளும். காலையில் கச்சிதமாக இருந்த பை மழையில் நனைந்த பிறகு தொப்பைக்கு இறங்கிவிடுவது இதனால்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழைக்காலத்தில் போகிறவர்கள் பாலியெஸ்டர் பட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் வழியில் ஓரிருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். மலிவுப் பைகளின் மெல்லிய பட்டை நனையாமலேயே நழுவும், ஏனென்றால் பக்கிளின் பல்லுக்குக் கடிக்கத் தடிமன் போதாது. சோதனை: பட்டையை இறுக்கிவிட்டு, பையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று கீழே இழுங்கள். ஒரு விரல்கடைக்கு மேல் நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்பதைக் கடையில் யாரும் காட்டுவதில்லை. மலிவு வகையில் இரண்டு பட்டைகள் முதுகில் குறுக்காக வெட்டிக்கொள்ளும், வெட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையமோ தடித்த ரெக்ஸின் துண்டோ இருக்கும். இதன்மேல் பத்து கிலோ முதுகுப் பையை ஏற்றினால் அந்த வளையம் முதுகுத் தண்டில் அழுந்தும். தோள்களுக்கு நடுவே அகலமான வலைத் துணி உள்ள வடிவத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. இறக்குமதிப் பைக்குக் கொடுக்கிற கூடுதல் காசில் பெரும்பங்கு இந்த வலைத் துணிக்குத்தான் போகிறது, அது தகும். வெறும் பகல்பொழுது பறவை பார்ப்பதற்கு, முதுகில் வேறு பையே இல்லை என்றால், குறுக்குப் பட்டை போதும், செலவை மிச்சம் பிடியுங்கள்.

முதுகுப் பையோடு சேர்த்து

மார்புப் பையை முதலில் மாட்டி, அதன்மேல் முதுகுப் பையை மாட்ட வேண்டும். தலைகீழாகச் செய்தால், தங்குமிடத்தில் முதுகுப் பையை இறக்க ஒவ்வொரு முறையும் முன்பையையும் கழற்ற நேரிடும். முதுகுப் பையின் நெஞ்சுப் பட்டையை மார்புப் பைக்குப் பின்னால், அதாவது உடம்புக்கும் பைக்கும் நடுவே கொண்டுபோகக் கூடாது. அவசரத்தில் கழற்றக் கை போகாது. மார்புப் பைக்கு மேலாக, காறையெலும்புக்குச் சற்றுக் கீழே அந்தப் பட்டையை ஏற்றிவிடுங்கள்.

சில பைகளில் நான்கு கொக்கிகளால் முதுகுப் பையின் தோள்பட்டையிலேயே மாட்டுகிற ஏற்பாடும் உண்டு. குமாரபர்வதம் (1,712 மீ.) மாதிரி கூடாரத்தோடு போகும் நீண்ட ஏற்றத்தில் இது சுகம், முன்பாரம் பின்பாரத்தைச் சற்றுச் சமன்செய்யும், தோளில் ஒரே ஜோடிப் பட்டைதான். ஆனால் ஓடையைக் கடக்கும்போது முதுகுப் பையை உடனே உதற வழி இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. நான்கு கொக்கிகளால் பூட்டிக்கொண்டால் உதற முடியாது. ஓடைக்கு முன்னால் கீழ் இரண்டு கொக்கிகளையும் ஒரு மேல் கொக்கியையும் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

அந்தரகங்கைக் குகைகளுக்கு மார்புப் பை கூடவே கூடாது. பாறை இடுக்கில் பக்கவாட்டில் நுழைய வேண்டிய இடங்களில் அது முட்டுக்கட்டை. கழற்றி முதுகுப் பைக்குள் போட்டுவிட்டு, பையைக் கையால் முன்னால் தள்ளிக்கொண்டே நுழைவதுதான் வழி.

மூடி, ஜிப், காந்தம்

பைனாகுலர் பெட்டிகளின் மூடி மூன்று விதமாக மூடுகிறது. வெல்க்ரோ என்றால் திறக்கும் சத்தத்தில் மஞ்சள்தொண்டைச் சின்னான் புதரை விட்டே ஓடிவிடும். ரப்பர் கயிறும் கொக்கியும் என்றால் சத்தமில்லை, ஆனால் ஒரு கையால் மூடுவதற்குப் பழக்கம் வேண்டும். காந்தம் என்றால் சத்தமும் இல்லை, சிரமமும் இல்லை, அதனால்தான் விலையுயர்ந்த வகைகள் எல்லாம் காந்தத்துக்கு மாறிவருகின்றன.

காந்த மூடியில் இரண்டு ஆபத்துகள் உண்டு. திசைகாட்டியும் மொபைலின் திசை உணரியும் பக்கத்தில் இருந்தால் முள் தவறும். மலையில் தவறான திசையை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. திசை பார்க்கும்போது கருவியைப் பையிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரியது: இதயத்தில் பேஸ்மேக்கரோ ஷாக் கொடுக்கும் கருவியோ பொருத்தியவர்கள் காந்த மூடிப் பையை அணியவே கூடாது. அந்தக் கருவிகளிலிருந்து காந்தத்தை 15 செ.மீ.யாவது விலக்கி வைக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. இந்தப் பை உட்காருவதோ சரியாக அதே இடத்தில். ஓய்வுபெற்ற அப்பா அம்மாவுக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை.

ஜிப்பில் எண் பார்த்து வாங்குங்கள். மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் எத்தனை மி.மீ. என்பதையே அந்த எண் தோராயமாகக் காட்டுகிறது. பெரிய அறைக்கு 8-ஆம் எண், சின்ன உறைகளுக்கு 5-ஆம் எண் போதும். மலிவுப் பைகளில் எல்லா இடத்திலும் 5-ஆம் எண்ணைப் போட்டு, வளைவில் திருப்பித் தைத்திருப்பார்கள், அந்த வளைவில்தான் முதலில் வாய் பிளக்கும். ஹெசரகட்டாவின் செம்மண் தூள் ஜிப்பின் ஓடியை (பிடித்து இழுக்கும் தலையை) உள்ளிருந்து தேய்க்கும். ஓடி நகர்ந்தும் பல் சேரவில்லை என்றால் ஜிப்பையே மாற்ற வேண்டியதில்லை. சின்னக் குறட்டால் ஓடியின் பின்பக்க இரண்டு ஓரங்களையும் மெதுவாக, ஒரு மயிரிழை அளவு அழுத்துங்கள், திரும்பக் கடிக்கும். அதிகம் அழுத்தினால் ஓடி உடையும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தூசு தட்டினாலே இந்த வேலை வராது.

மழையும் வியர்வையும்

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். துணியின் உள்பூச்சு தண்ணீரைத் தடுக்கும், தையல் துளையும் ஜிப்பும் தடுக்காது. ரப்பர் பூசிய ஜிப் தூறலுக்குத் தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது. உள்ளே டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, பையை அணிந்தபடி ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பாருங்கள், எந்த மூலையில் நனைகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நனைவது ஜிப் முடியும் இரண்டு ஓரங்கள். அங்கே மொபைலை வைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு, முதுகுப் பைக்கு வாங்குகிற மாதிரியே ஒரு சின்ன ரெயின் கவர்.

மழையைவிட வியர்வை மோசம். நெஞ்சுக் குழியில் வழிகிற வியர்வை பையின் பின்துணி வழியாக ஊறி உள்ளே போகும். பின்பக்கத்தில் குறைந்தது 6 மி.மீ. தடிமனான காற்றோட்ட வலை இருந்தால் ஓரளவு ஆறும். வழுவழுப்பான துணி நேரடியாகச் சட்டையில் ஒட்டும் பை பெங்களூரின் மார்கழிக் காலையில் மட்டும்தான் சரிப்படும், ஏப்ரலில் படாது. இந்த ஈரத்தோடு பைனாகுலரைப் பைக்குள்ளேயே பூட்டி அலமாரியில் வைப்பதுதான் பலர் செய்கிற தவறு. மூடிய ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், ஒருமுறை பிடித்தால் கண்ணாடிப் பூச்சையே அரிக்கும். வீடு திரும்பியதும் பைனாகுலரை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள், பையைத் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் போடுகிறவர்கள் அதை அவ்வப்போது சூடுகாட்டி உலர்த்த வேண்டும், ஊறிப்போன பொட்டலம் வெறும் மண்.

என்ன வைக்கலாம்

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) 650 முதல் 700 கிராம், மொபைல் 200, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 220, தலைவிளக்கு 80, கட்டுத்துணியும் மருந்தும் 150, வேர்க்கடலை மிட்டாய் 100. சேர்த்தால் கிட்டத்தட்ட 1,400 கிராம். பை மட்டுமே அரைக் கிலோவுக்கு முன்னே பின்னே வரும். ஆக, சுமை இரண்டு கிலோவை நெருங்கிவிட்டது. எங்கள் கருத்தில் இதுவே மேல் வரம்பு, இதற்கு மேல் போனால் அது நெஞ்சில் கட்டிய முதுகுப் பை. தண்ணீர் பாட்டிலை இதில் திணிக்காதீர்கள். அரை லிட்டர் என்றால் அரைக் கிலோ, வடிவமும் உருளை, கால் மறைவதற்கு முதல் காரணம் அதுதான். பவர் பேங்கையும் முதுகுப் பைக்கு அனுப்பிவிடலாம், நடக்கும்போது அதற்கு வேலை இல்லை.

அடுக்கும் முறை: தடித்தவை கீழே, தட்டையானவை மேலே. பைனாகுலரில் கண் வைக்கும் பக்கம் மேலே பார்த்தபடி இருந்தால் எடுத்தவுடன் கண்ணுக்குப் போகும். கத்தி, சாவி போன்ற கூரானவற்றை உடம்பு ஒட்டிய அறையில் வைக்க வேண்டாம், குப்புற விழுந்தால் விலாவில் குத்தும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானதா, 200 மி.லி.க்கானதா என்று பார்த்து, அந்த அளவை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். தலைசுற்றும்போது பொடி எழுத்தைப் படிக்க முடியாது. அட்டைக் கடிக்கு உப்பு முடிச்சு ஒன்று. விசிலைக் கயிற்றில் கட்டித் தோள்பட்டை உறையில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊதுவது மலையேறிகள் பயன்படுத்தும் அபாயக் குறி. வழியில் தேனடைப் பாறை இருந்தால், வாசனை ஸ்ப்ரேயைப் பையில் சேர்க்கவே வேண்டாம், பெருந்தேனீக்குச் சீண்டல் அது.

வண்டி, மெட்ரோ, சீட் பெல்ட்

நந்தி மலைக்கு விடிகாலையில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் பையை அணிந்தபடியே ஓட்டுவதைப் பார்க்கலாம். விழுந்தால் முன்னால் இருக்கிற பைனாகுலர்தான் முதலில் தரையைத் தொடும், அது நெஞ்செலும்பில் இறங்கும். முழு ஹெல்மெட்டின் தாடைப்பகுதியும் பையில் முட்டி, தலையைத் திருப்ப விடாது. கழற்றி முதுகுப் பையில் போட்டு ஓட்டுங்கள். காரிலும் அதே கதை: சீட் பெல்ட் பையின்மேல் போனால் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழும், மோதலில் அந்த இடைவெளியே காயம்.

மெட்ரோ நிலையத்தில் பையை ஸ்கேனரில் போட்டே ஆக வேண்டும். தலைவழியாகக் கழற்றும் வடிவம் அங்கே பெரிய அவஸ்தை, பின்னால் நிற்கிறவர் பொறுமை இழப்பார். ஒரு தோளில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டு பக்கிளால் திறக்கும் வடிவத்தை எடுங்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணியையும் தவிர்ப்பது நல்லது, சோதனைச் சாவடிகளில் தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

மலிவு வகை, அல்லது தைத்துக்கொள்வது

‘டாக்டிகல்’ மலிவுப் பைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. துணி பரவாயில்லை. பட்டை பையோடு சேருமிடத்தில் ஒரே ஒரு வரித் தையல், பக்கிள் மெலிது, தனி உறைகளை மாட்டுவதற்கென்று முன்னால் வரிசையாகத் தைத்த பட்டைகள் வெறும் அலங்காரம். அசல் ராணுவ அளவில் அந்தப் பட்டை 25 மி.மீ. அகலமும், 38 மி.மீ.க்கு ஒரு கட்டுத்தையலும் இருக்க வேண்டும். நகலில் இடைவெளி மாறியிருப்பதால் தனி உறை எதுவும் சரியாக மாட்டாது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் வாங்கி, நான்கு மூலைகளிலும் கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறித் தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

இறக்குமதிப் பை கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் பத்தாயிரத்தை எளிதில் தாண்டும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. சிவாஜிநகரில் பை தைக்கிறவர்களிடம் தமிழிலேயே அளவு சொல்லி, தமிழிலேயே பேரமும் பேசலாம். ஜே.சி. ரோட்டில் வண்டி சீட் கவர் தைக்கிறவர்களிடம் தடித்த நூலைத் தாங்கும் மெஷின் இருக்கும். கொடுக்க வேண்டிய அளவு: அகலம் 28 செ.மீ., உயரம் 18 செ.மீ., தடிமன் மேலே 5, கீழே 9. இது சுமார் மூன்றரை லிட்டர். உள்பூச்சுள்ள 500 டினியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நைலான், 150 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டர். 25 மி.மீ. பாலியெஸ்டர் பட்டை 4 மீட்டர். அதே அகலத்தில் பக்கிள் நான்கு, இரண்டு மாட்ட, இரண்டு உபரி. 8-ஆம் எண் ஜிப் 50 செ.மீ. ஒன்று, 5-ஆம் எண் 25 செ.மீ. இரண்டு. பின்பக்கத்துக்கும் தோளுக்கும் 6 மி.மீ. காற்று வலை அரை மீட்டர். நூல் பாலியெஸ்டர் அல்லது நைலான், பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் மக்கும்.

தையல்காரரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்றே: “அண்ணா, பட்டை நுனியைத் துணி மேலே ஒட்டித் தைக்காதீங்க, ரெண்டு துணிக்கு நடுவுல ரெண்டு இன்ச் உள்ளே விட்டுத் தைங்க.” மேலே ஒட்டிய பட்டை துணியையே கிழித்துக்கொண்டு வரும். உள்ளே விட்டது தையல் கோடு முழுக்கப் பாரத்தைப் பரப்பும். முதலில் பழைய துணியில் மாதிரி ஒன்று தைக்கச் சொல்லி, உப்புப் பாக்கெட் சோதனையை அதில் செய்துவிட்டு அசல் துணியை வெட்டச் சொல்லுங்கள்.

ஓடுகிறவர்களுக்கு இந்த வடிவம் எதுவுமே ஒத்துவராது, அவர்களுக்கு உடம்போடு ஒட்டும் ரன்னிங் வெஸ்ட் இருக்கிறது. பாறை ஏறுகிறவர்களுக்கும் வேண்டாம், மார்பைப் பாறையோடு ஒட்ட முடியாது. பறவை பார்ப்பவர்கள், வனக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், கூட்டத்தை வழிநடத்துபவர்கள் வாங்கலாம். இவர்களுக்கு அகல வலைத் துணி வகைக்கு 5-க்கு 4 கொடுப்போம், பைனாகுலர் பெட்டிக்குச் சமதளத்தில் 4, பாறையில் 2. மலிவு வகைக்கு ஒன்றரை.

பழைய பையை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மூக்குக்கிட்டக் கொண்டுபோய் மோந்தும் பாருங்கள். பாலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் சிதையும். பிசுபிசுப்பும் புளித்த வாந்தி வாடையும் அடித்தால் பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் துவைத்தும் பயனில்லை. பக்கிள்களையும் பட்டையையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், புதுப் பை தைக்க ஆகும்.